பத்து சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்

உல்ரிகே மைஃபார்ட் ஒலிம்பிக்கில் இரண்டு முறை தங்கம் வென்றார். முதல் தங்கத்தின்போது அவர் தாண்டிய உயரம் 1.92 மீட்டர். இரண்டாவதில் 2.02 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர், 12 ஆண்டுகள்.

தடகள வரலாற்றில் வேறு யாருக்கும் இப்படியொரு கணக்கு இல்லை. 1972இல் மியூனிக்கில் வென்றபோது அவருக்கு வயது 16. ஒலிம்பிக் தடகளத்தில் தனிநபர் தங்கம் வென்றவர்களில் மிக இளையவர் இன்றும் அவர்தான். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் வென்றபோது வயது 28. பெண்கள் உயரம் தாண்டுதலில் அதுவரை அவ்வளவு மூத்த வயதில் யாரும் ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. மிக இளையவர், மிக மூத்தவர் என்ற இரண்டு பெருமைகளையும் ஒருவரே ஒரே நேரத்தில் வைத்திருந்தார். நடுவில் ஒரு ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றையே தாண்ட முடியாமல் வெளியேறினார். இன்னொன்றுக்கு அவருடைய நாடே போகவில்லை.

மேலே கிளம்புவதற்கு மனித உடல் என்ன செய்கிறது, வளர வளர அதே உடல் அதே வேலையை ஏன் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் இந்த ஒரே வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம்.

மியூனிக்கில் ஒரு பள்ளி மாணவி

கொலோன் நகரை ஒட்டிய வெஸ்ஸெலிங் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த மாணவி மைஃபார்ட். ஆறடிக்கு மேல் உயரம், மெலிந்த உடல். மேற்கு ஜெர்மனி அணியில் கடைசி இடத்தைப் பிடித்துத்தான் மியூனிக் வந்தார். அதற்கு முன் அவர் தாண்டியிருந்த அதிகபட்ச உயரம் 1.85 மீட்டர்.

1972 செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதிப் போட்டியில் ஆஸ்திரியாவின் இலோனா குசன்பவுவர் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் 1.92 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தவர். பல்கேரியாவின் யோர்தாங்கா பிளகோயேவாவும் இருந்தார். இருவரும் 1.88 மீட்டரோடு நின்றுவிட்டார்கள். மைஃபார்ட் 1.90 மீட்டரைத் தாண்டினார், தங்கம் உறுதியானது. கம்பியை உலக சாதனை உயரத்துக்கு ஏற்றச் சொல்லி 1.92 மீட்டரையும் தாண்டினார். ஒரே பிற்பகலில் தன் சொந்தச் சாதனையைவிட 7 சென்டிமீட்டர் அதிகம். வளர்ந்த வீராங்கனைகள் ஒரு சென்டிமீட்டருக்கு ஓராண்டு உழைக்கும் விளையாட்டு இது.

மறுநாள் விடியற்காலை ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேல் அணியினர் மீது தாக்குதல் நடந்தது. 11 இஸ்ரேலியர்கள் கொல்லப்பட்டார்கள். உலகம் அந்தத் துயரத்தின் பக்கம் திரும்பியது. பதினாறு வயதுப் பெண் தன் வாழ்வின் மிகப்பெரிய மகிழ்ச்சியைக் கொண்டாடக் கிடைத்தது ஒரே ஓர் இரவு.

அன்று அவர் தாண்டிய முறையையும் கவனிக்க வேண்டும். கம்பிக்கு முதுகைக் காட்டி, மல்லாந்து வில்லாக வளைந்து தாண்டும் ஃபாஸ்பரி ஃப்ளாப் அது. அமெரிக்கர் டிக் ஃபாஸ்பரி 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்று உலகுக்குக் காட்டிய முறை. கனடாவின் டெபி பிரில் அறுபதுகளிலேயே அவரைச் சாராமல் இதைக் கண்டறிந்திருந்தார். இந்த முறையில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் மைஃபார்ட்.

மணல் குழியிலிருந்து மெத்தைக்கு

நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் உயரம் தாண்டியவர்களுக்குக் கத்தரி முறை தெரிந்திருக்கும். பக்கவாட்டில் ஓடிவந்து, ஒரு காலைத் தூக்கிக் கம்பிக்கு மேலே வீசி, மறுகாலைப் பின்னால் இழுத்து, மணலில் நின்றபடி இறங்குவோம். விழுவது மணலில் என்றால் இதுதான் பாதுகாப்பான வழி. ருமேனியாவின் யோலாண்டா பலாஷ் ஒருவகைக் கத்தரி முறையில்தான் 1960, 1964 ஒலிம்பிக் தங்கங்களை வென்றார். 1961இல் அவர் தாண்டிய 1.91 மீட்டரை அடுத்த பத்து ஆண்டுகள் எந்தப் பெண்ணாலும் மிஞ்ச முடியவில்லை. குசன்பவுவர் வந்து அதை மிஞ்சியபோதும் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் கூடியது.

ஆனால் 1977இல் பெண்கள் 2 மீட்டரைத் தொட்டுவிட்டார்கள். 1987இல் பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவா ரோம் நகரில் 2.09 மீட்டர் தாண்டினார். பத்து ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்த சாதனை, அடுத்த பதினாறு ஆண்டுகளில் 17 சென்டிமீட்டர் நகர்ந்தது. பயிற்சி முறைகள் முன்னேறியது ஒரு காரணம். நுரைமெத்தை வந்தது இன்னொரு காரணம். மல்லாந்து தாண்டுபவர் தோளிலும் முதுகிலும் விழுகிறார். மணலில் அப்படி விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. கம்பிக்கு அப்பால் தடித்த மெத்தை வந்த பிறகுதான், எப்படி இறங்குவது என்ற கவலையில்லாமல் எப்படி ஏறுவது என்பதை மட்டும் யோசிக்க முடிந்தது.

காற்றில் மாற்ற முடியாத ஒன்று

உடலின் மொத்த நிறையும் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய புள்ளியை நிறை மையம் என்கிறோம். நிமிர்ந்து நிற்கும் பெண்ணுக்கு அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். கைகளையும் ஒரு முழங்காலையும் மேலே தூக்கி, நுனிக்காலில் நிமிர்ந்தால் அந்தப் புள்ளியும் மேலேறும். சுமார் 1.88 மீட்டர் உயரமுள்ள மைஃபார்ட் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் அது தரையிலிருந்து ஏறத்தாழ 1.33 மீட்டரில் இருந்திருக்கும். உயரமானவர்களுக்கு இந்த விளையாட்டில் உள்ள சாதகம் இதுதான், அவர்கள் தொடங்கும் இடமே மேலே இருக்கிறது.

கால் தரையை விட்டபின் நிறை மையம் போகும் பாதை ஒரு பரவளையம். கையை வீசினாலும் முதுகை வளைத்தாலும் அந்தப் பாதையில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. வெளியிலிருந்து வேறு எதுவும் தள்ளாதவரை புவியீர்ப்பு மட்டுமே அதைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு உயரம் போக முடியும் என்பது கால் தரையை விட்ட கணத்தில் இருந்த மேல்நோக்கிய வேகத்தோடு முடிந்துபோன விஷயம்.

இப்போது மைஃபார்ட்டின் பத்து சென்டிமீட்டரைக் கணக்கிடலாம். கம்பியைத் தட்டாமல் போக நிறை மையம் கம்பிக்கு 3 சென்டிமீட்டர் மேலே போவதாக வைத்துக்கொள்வோம். 1.92 மீட்டருக்கு அது 1.95 மீட்டர் வரை ஏற வேண்டும். தொடங்கிய 1.33 மீட்டரைக் கழித்தால் காற்றில் ஏறவேண்டியது 62 சென்டிமீட்டர். அதற்குத் தேவையான மேல்நோக்கிய வேகம் நொடிக்குச் சுமார் 3.5 மீட்டர். 2.02 மீட்டருக்கு ஏறவேண்டியது 72 சென்டிமீட்டர், தேவையான வேகம் நொடிக்குச் சுமார் 3.76 மீட்டர்.

நொடிக்குக் கால் மீட்டர் கூடுதல் வேகம். அவ்வளவுதான் வித்தியாசம். தேவையான மேல்நோக்கிய ஆற்றலில் பார்த்தால் 16 விழுக்காடு அதிகம். ஒலிம்பிக் களத்தில் இதைச் சேர்க்கத்தான் அவருக்கு 12 ஆண்டுகள் ஆயின. ஏன் அவ்வளவு கடினம் என்பதை அறிய, கால் தரையில் ஊன்றியிருக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் போக வேண்டும்.

0.15 நொடி

சிறந்த வீராங்கனை கம்பியை நோக்கி நொடிக்குச் சுமார் 7 மீட்டர் வேகத்தில் ஓடிவருகிறார். அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். கடைசிக் காலடியைத் தன் உடலுக்கு வெகு முன்னால் ஊன்றுகிறார். அப்போது உடல் பின்னால் சாய்ந்திருக்கிறது, ஊன்றிய காலின் முட்டி ஏறத்தாழ நேராக இருக்கிறது. அந்தக் கால் தரையில் இருப்பது 0.15 நொடி அளவுக்குத்தான். அதற்குள் முன்னோக்கிய வேகம் நொடிக்குச் சுமார் 4 மீட்டராகக் குறைகிறது, மேல்நோக்கிய வேகம் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து 4 மீட்டரை நெருங்குகிறது.

வாய்க்காலைத் தாண்ட ஓடிவந்து கழியை ஊன்றுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். கழி தரையில் நின்றுவிட, ஓடிவந்த வேகம் ஆளைக் கழியின் மேலே தூக்கிச் செல்கிறது. உயரம் தாண்டுபவருக்கு அந்தக் கழி அவருடைய சொந்தக் கால். மேலே போகத் தேவையான வேகத்தில் பெரும்பங்கு இப்படி ஓட்டத்திலிருந்து கிடைப்பதுதான். நின்ற இடத்திலிருந்து குதிக்கும்போது இவ்வளவு உயரம் போக முடியாததற்கும் இதுவே காரணம்.

கழிக்கும் காலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கால் மடங்கும். முட்டி அதிகம் மடங்கிவிட்டால் ஓட்டத்தின் வேகம் வீணாகும், உடல் மேலே போகாமல் கம்பியின் மீதே போய் மோதும். மடங்காமல் தாங்க எவ்வளவு விசை வேண்டும்? 66 கிலோ எடையுள்ள ஒருவர் 0.15 நொடியில் நொடிக்கு 3.76 மீட்டர் வேகத்தைப் பெற, தரை அவரைச் சராசரியாகச் சுமார் 2,300 நியூட்டன் விசையோடு மேலே தள்ள வேண்டும். 234 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம் அது. சராசரியே இவ்வளவு, உச்சம் இதைவிட அதிகம். அதுவும் ஒற்றைக் காலில்.

இங்கே நேரமும் எதிரியாகிறது. தளர்ந்திருக்கும் தசை தன் முழு விசையை எட்ட 0.3 நொடிக்கு மேல் ஆகும். கால் தரையில் இருப்பதோ அதில் பாதி நேரம். ஆகவே தரையைத் தொட்ட பிறகு தசையை இறுக்கத் தொடங்கினால் ஒன்றுக்கும் உதவாது. பாதம் இன்னும் காற்றில் இருக்கும்போதே, அடுத்து வரப்போகும் அடியைத் தாங்கத் தொடைத் தசைகள் இறுகியிருக்க வேண்டும். இறுகிய தசையை வெளிவிசை இழுத்து நீட்டும்போது, அது தானாகச் சுருங்கும்போது தருவதைவிட அதிக விசையைத் தருகிறது. குதிகால் நாணும் முட்டிக்குக் கீழுள்ள நாணும் நீண்டு, ஆற்றலைச் சேமித்து, திருப்பித் தருகின்றன. தூக்கி வீசும் கைகளும் மறுகாலின் முழங்காலும் தம் பங்குக்கு உடலைத் தரையில் இன்னும் அழுத்தி, தரையிலிருந்து இன்னும் அதிக விசையை வாங்கித் தருகின்றன.

இவை எதையும் அந்த 0.15 நொடிக்குள் யோசித்துச் செய்ய முடியாது. கண்ணில் பட்டது மூளைக்குப் போய்த் தசைக்குத் திரும்பவே அந்த நேரம் போதாது. எல்லாம் முன்கூட்டியே, பழக்கத்தால், உடலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதப்படுவது ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள காலுக்கும், ஒரு குறிப்பிட்ட எடைக்கும், ஒரு குறிப்பிட்ட ஓட்ட வேகத்துக்கும் ஏற்றதாகத்தான் இருக்கும். மைஃபார்ட்டின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி முக்கியம்.

வளைந்து ஓடுவதன் ரகசியம்

ஃப்ளாப் முறையில் தாண்டுபவர் முதலில் நேராக ஓடிவந்து, கடைசி நான்கைந்து அடிகளில் வளைவாக ஓடுகிறார். வெறும் அழகுக்காக அல்ல. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹெசூஸ் டபேனா பல ஆண்டுகள் தாண்டுதல்களைப் படமெடுத்து அளந்து ஆராய்ந்தார். அந்த வளைவு எதற்கென்று இன்று நமக்குத் தெளிவாகத் தெரிவதில் அவருடைய ஆய்வுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில், சுமார் 9 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஓடுபவர் கீழே விழாமலிருக்க வளைவின் உட்பக்கமாக ஏறத்தாழ 29 பாகை சாய வேண்டும். இந்தச் சாய்வு இரண்டு நன்மைகளைத் தருகிறது. ஒன்று, முட்டியை மடக்காமலே நிறை மையம் தாழ்கிறது. தாழ்ந்த இடத்திலிருந்து கிளம்பினால், கால் தரையில் இருக்கும்போது உடலை மேலே தள்ள நீண்ட தூரம் கிடைக்கிறது. வேகமாக ஓடிக்கொண்டே முட்டியை மடக்கித் தாழ்வது கடினம், ஆனால் சாய்ந்து தாழ்வது வேகத்தைக் கெடுக்காது.

இரண்டாவது நன்மை சுழற்சி. வளைவின் உட்பக்கம் என்பது கம்பிக்கு எதிர்ப்பக்கம். கடைசி அடியை ஊன்றும்போது உடல் கம்பியைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. கால் தரையிலிருக்கும் நேரத்தில் அது நிமிர்ந்து நேராகிறது. நிமிர்வதே ஒரு சுழற்சிதான். நேராக நிற்கும் கணத்தில் கால் தரையைவிட, அந்தச் சுழற்சி கோண உந்தமாக உடலோடு காற்றுக்குள் போகிறது. தலையும் தோளும் கம்பிக்கு மேல் சாய்ந்து, பின்னால் கால்கள் எழுவது அதனால்தான். சாயாமல் ஓடிவந்தவர், சுழற்சி வேண்டுமென்று தரையிலேயே கம்பிப்பக்கம் சாய வேண்டியிருக்கும். அப்படிச் சாய்ந்தால் உயரம் போய்விடும்.

காற்றில் கோண உந்தமும் மாறுவதில்லை. ஆனால் ஒரு பகுதியைக் கீழே இறக்கினால் இன்னொரு பகுதி மேலே எழும். தோள்கள் கம்பியைக் கடந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து, முட்டிகளை மடக்கிக் குதிகால்களைக் கீழே இறக்கினால் இடுப்பு உயர்கிறது. இடுப்பு கடந்த மறுகணம் முகவாயை நெஞ்சோடு சேர்த்து, இடுப்பை மடக்கினால் கால்கள் மேலே எழுகின்றன. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் கம்பிக்கு மேலே இருப்பதே இல்லை. ஒரு பகுதி கடக்கும்போது மற்றவை கம்பிக்குக் கீழே இருக்கின்றன. நன்றாக வளைந்த உடலின் நிறை மையம் முதுகுக்கு வெளியே, கீழே வந்துவிடக்கூட முடியும். தரையில் சம்பாதித்த உயரத்தைச் சிறிதும் வீணாக்காமல் செலவழிக்கும் கலை இது.

ஃப்ளாப் வந்ததும் பழைய முறைகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. மியூனிக்கில் ஃப்ளாப் வென்றது. நான்கு ஆண்டுகள் கழித்து மாண்ட்ரியாலில், கம்பியைக் குப்புறப் படர்ந்து கடக்கும் ஸ்ட்ராடில் முறையில் கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மரி ஆக்கர்மான் 1.93 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 1977 ஆகஸ்ட் 26 அன்று மேற்கு பெர்லினில் 2 மீட்டரைத் தாண்டிய முதல் பெண்ணும் அவரே. வேகமாக ஓடிவந்து வேகத்தை உயரமாக மாற்றுவதற்கு ஃப்ளாப் அதிகம் இடம் கொடுத்தது, கற்பதும் எளிதாக இருந்தது. அதனால்தான் மெல்ல மெல்ல அதுவே மிஞ்சியது.

வளர்ந்த உடல் கேட்ட விலை

1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் மைஃபார்ட் தகுதிச் சுற்றோடு வெளியேறினார். இருபது வயதில், நான்கு ஆண்டுகளுக்கு முன் தாண்டியதைவிடக் குறைவாகவே தாண்டினார். எல்லோரும் அறிந்த பெயர், எல்லோரும் எதிர்பார்க்கும் தங்கம், கிடைத்ததோ ஏமாற்றம். மியூனிக் வெற்றி தற்செயல் என்று சொல்லிவிடுவது அன்று எவருக்கும் எளிதாக இருந்திருக்கும்.

உடலியல் இதை வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறது. பதின்பருவத்தின் நடுவில் இருக்கும் உயரமான, மெலிந்த பெண்ணுக்கு ஒரு சாதகம் உண்டு. எலும்புகள் நீண்டுவிட்டன, எடை இன்னும் முழுதாகச் சேரவில்லை. பருவம் முதிர முதிர ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனால் தசை தானாகவே பெருகுகிறது. பெண்களுக்கு அப்படி நடப்பதில்லை, உடலில் கொழுப்பின் விகிதம்தான் இயல்பாகக் கூடுகிறது. இது குறை அல்ல, ஆரோக்கியமான வளர்ச்சி. ஆனால் உயரம் தாண்டுதலின் கணக்கு இரக்கமில்லாதது.

மேலே பார்த்த 66 கிலோ வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். அவருடைய கால் தாங்கக்கூடிய சராசரி விசை அதே 2,300 நியூட்டன், தரையில் இருக்கும் நேரம் அதே 0.15 நொடி. எடை மட்டும் 70 கிலோவாகிறது. மேல்நோக்கிய வேகம் நொடிக்கு 3.76 மீட்டரிலிருந்து 3.46 மீட்டராக இறங்குகிறது. காற்றில் ஏறும் உயரம் 72 சென்டிமீட்டரிலிருந்து 61 ஆகிறது. நான்கு கிலோ கூடியதற்கு விலை 11 சென்டிமீட்டர். உலக சாம்பியனுக்கும் தகுதிச் சுற்றில் வெளியேறுபவருக்கும் உள்ள இடைவெளி அதற்குள் அடங்கிவிடும்.

இதற்குத் தீர்வாக எடையைக் குறைக்கச் சொல்வது பல இளம் பெண்களின் எலும்பையும் மாதவிடாய்ச் சுழற்சியையும் மனத்தையும் கெடுத்திருக்கிறது. போதிய உணவின்றிக் கடும் பயிற்சி செய்யும் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நிற்பதும், எலும்பு மெலிந்து விரிசல் விழுவதும் விளையாட்டு மருத்துவர்கள் நன்கு அறிந்த ஆபத்துகள். சரியான வழி மறுபக்கத்தில் இருக்கிறது. வளர்ந்த உடலை ஏற்றுக்கொண்டு, அந்த உடலைத் தாங்கும் அளவுக்குக் காலை வலுவாக்க வேண்டும். பிறகு ஓட்டத்தின் வேகத்தையும், அடிகளின் நீளத்தையும், ஊன்றும் கோணத்தையும் புதிய வலுவுக்கு ஏற்ப மறுபடி எழுத வேண்டும். பதினாறு வயதில் தானாக அமைந்ததை அறிவோடு கட்ட வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும்.

லெவர்குசன்

மைஃபார்ட் அந்த ஆண்டுகளைக் கொடுத்தார். லெவர்குசன் நகரில் பயிற்சியாளர் கெர்ட் ஓசன்பெர்க்கிடம் சேர்ந்தார். மியூனிக்கில் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஹைடே ரோசன்டாலை உருவாக்கியவர் அவர். இந்தக் காலத்தில் உலகம் நிற்கவில்லை. இத்தாலியின் சாரா சிமியோனி 1978இல் பிரெசியாவில் 2.01 மீட்டர் தாண்டினார். மியூனிக் இறுதியில் ஆறாவதாக வந்தவர் அவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து மேற்கு ஜெர்மனி மாஸ்கோவைப் புறக்கணித்ததால் மைஃபார்ட் வீட்டிலிருந்தார்.

அவருக்கு அப்போது 24 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு தங்கம் மட்டும் கையில். அந்த இடத்தில் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தொடர்ந்தார். அதற்கு அடுத்து வந்த ஆண்டுகள்தான் அவருடைய உண்மையான உச்சம்.

1982 செப்டம்பரில் ஏதென்ஸ் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 2.02 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். முதன்முதலாக உலக சாதனையைத் தொட்டுப் பத்து ஆண்டுகள் கழித்து, மீண்டும் உலக சாதனை. 1983 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் சோவியத் ஒன்றியத்தின் தமாரா பிகோவா 2.01 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார், மைஃபார்ட் 1.99 மீட்டரோடு வெள்ளி. அதே மாதம் 21ஆம் தேதி லண்டனில் இருவரும் மறுபடி மோதினார்கள். ஒரே போட்டியில் இருவருமே 2.03 மீட்டர் தாண்ட, உலக சாதனை இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. நான்கு நாள் கழித்து பீசா நகரில் பிகோவா 2.04 மீட்டருக்குப் போனார். ஒருவர் மற்றவரை மேலே இழுத்துக்கொண்டு போன அந்த ஆகஸ்ட் மாதம் உயரம் தாண்டுதல் வரலாற்றின் பொற்காலங்களில் ஒன்று.

இரண்டாவது தங்கம்

1984 ஆகஸ்ட் 10, லாஸ் ஏஞ்சலிஸ். இந்த முறை சோவியத் ஒன்றியமும் அதன் நட்பு நாடுகளும் புறக்கணித்தன. பிகோவா வரவில்லை. ஜூலையில்தான் 2.07 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்திருந்த பல்கேரியாவின் லுட்மிலா அந்தோனோவாவும் வரவில்லை. அவர்கள் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். அதை மறைத்துவிட்டு இந்தத் தங்கத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 1980இல் மைஃபார்ட்டிடமிருந்து எதை அரசியல் பறித்ததோ, அதையே 1984இல் அவர்களிடமிருந்து பறித்தது.

வந்திருந்தவர்களில் மிகவும் வலிமையானவர் சிமியோனி. வயது 31. மியூனிக்கில் ஒரே களத்தில் நின்ற இரண்டு பெண்கள், 12 ஆண்டுகள் கழித்து மறுபடி தங்கத்துக்காக நின்றார்கள். சிமியோனி 2 மீட்டரைத் தாண்டினார். மைஃபார்ட் 2.02 மீட்டரைத் தாண்டி ஒலிம்பிக் சாதனையோடு வென்றார். அமெரிக்காவின் ஜோனி ஹன்ட்லி 1.97 மீட்டரோடு வெண்கலம் பெற்றார். தங்கமும் வெள்ளியும் வென்ற இருவருமே மியூனிக்கில் தாண்டியதைவிட அதிகமாகத் தாண்டியிருந்தார்கள். பதின்வயது கடந்தால் பெண்களின் உயரம் தாண்டுதல் முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

அந்த ஆண்டோடு மைஃபார்ட் ஓய்வு பெற்றார். ஆனால் லெவர்குசனில் சேர்ந்த அறிவு ஓய்வு பெறவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் அணியில் அவரோடு இருந்த இளம் வீராங்கனை ஒருவர், அதே ஓசன்பெர்க்கிடம் பயிற்சி பெற்று, ஹைக்கே ஹென்கல் என்ற பெயரில் 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கும் வயது 28. தாண்டிய உயரமும் அதே 2.02 மீட்டர்.

சாதனை அதற்குப் பிறகும் நகர்ந்திருக்கிறது. கோஸ்டாடினோவாவின் 2.09 மீட்டர் கிட்டத்தட்ட 37 ஆண்டுகள் நின்றது. 2024 ஜூலை 7 அன்று பாரிஸில் உக்ரைனின் யாரொஸ்லாவா மஹுச்சிஹ் 2.10 மீட்டர் தாண்டி அதை முறியடித்தார். கோஸ்டாடினோவா ஒலிம்பிக் தங்கம் வென்றது 1996இல், 31 வயதில். மைஃபார்ட் இரண்டாவது தங்கம் வென்ற வயதைவிட மூன்று ஆண்டுகள் மூத்த வயது அது.

பதினாறு வயதில் நாடே வியக்கும்படி ஒரு பெண் சாதித்துவிட்டு, பதினெட்டில் தடுமாறினால், அவளுக்குத் திறமை தீர்ந்துவிட்டதென்று பெற்றோரும் பயிற்சியாளர்களும் சங்கங்களும் முடிவுகட்டிவிடுகிறார்கள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பெண்கள் அந்த இடத்தில் கைவிடப்படுகிறார்கள். இயற்பியல் சொல்வது வேறு. அவளுடைய திறமை அப்படியே இருக்கிறது, அதைத் தாங்கிய உடல் மாறியிருக்கிறது. புதிய உடலுக்கு நல்ல உணவும் வலுவும் வேண்டும், புதிய கணக்கு வேண்டும், அந்தக் கணக்கு உடலில் பதிய வேண்டிய காலமும் வேண்டும். 0.15 நொடிக்குள் நிகழும் ஒரு செயலை மாற்ற எட்டு, பத்து ஆண்டுகள் ஆகலாம் என்று தெரிந்த பயிற்சியாளர், அந்தப் பெண் தடுமாறும் பருவத்தில் அவளைவிட்டு விலக மாட்டார். மைஃபார்ட்டுக்கு அப்படியொரு காலம் கிடைத்தது. மற்றவர்களுக்கும் அது கிடைக்கும்படி செய்வது நம் கையில்தான் இருக்கிறது.